பெயரும் ஆண்டும் மட்டும் போதாது: குடியரசுத் தலைவர்கள் பட்டியலை அச்சிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

போட்டித் தேர்வு வழிகாட்டி எழுதுவோர், மாதிரி வினாத்தாள் அமைப்போர், குடிமையியல் பாடத்துக்குப் பின்னிணைப்பு தயாரிப்போர் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் நூல்களின் கடைசிப் பக்கங்களில் தவறாமல் வரும் ஓர் அட்டவணையைப் பற்றி எழுதுகிறோம். ராஜேந்திர பிரசாத் தொடங்கி திரௌபதி முர்மு வரை 15 பெயர்கள், எதிரே ஆண்டுகள். மாணவர்கள் அதை வரி பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். பெயர்கள் எல்லாம் சரிதான், ஆண்டுகளும் பெரும்பாலும் சரிதான். ஆனால் 1969 ஜூலை 31 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் டெல்லிக்கு வந்தபோது குடியரசுத் தலைவர் பொறுப்பில் இருந்தவர் யார் என்று கேட்டால் அந்த அட்டவணை கைவிட்டுவிடும். 'வி.வி. கிரி, 1969–1974' என்ற வரியைப் பார்க்கும் மாணவர் கிரி என்றுதான் எழுதுவார். அன்று பொறுப்பில் இருந்தவர் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். ஹிதயத்துல்லா.

எங்கள் கோரிக்கை எளிது. ஆண்டை மட்டும் போடாமல் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் போடுங்கள். 'எப்படி வந்தார்', 'எப்படிப் பதவி முடிந்தது' என்று இரண்டு பத்திகள் சேருங்கள். பொறுப்பு வகித்தவர்களை அடிக்குறிப்பில் தள்ளாமல் அவரவர் நாளுக்குரிய இடத்தில், எண் இல்லாமல், நுழையுங்கள். இதைச் செய்தாலே மனப்பாடப் பாடத்தில் பாதி, புரிந்து படிக்கும் பாடமாகிவிடும். காரணத்தைச் சொல்கிறோம்.

பதவியேற்பு நாள்களை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். 26 ஜனவரி 1950. பிறகு மே 13: 1952, 1957, 1962, 1967. பிறகு ஆகஸ்ட் 24: 1969, 1974. பிறகு ஜூலை 25: 1977 முதல் 2022 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஒரு நாள்கூட மாறாமல். ஜூலை 25 ஏதோ சட்டத்தில் குறித்த நாள் என்று நம்பும் மாணவர்கள் இருக்கிறார்கள். அரசமைப்பில் அப்படி எந்த நாளும் இல்லை. 56-ஆம் பிரிவு சொல்வது, பதவியேற்ற நாளிலிருந்து ஐந்து ஆண்டு என்பது மட்டுமே. இடையில் இடம் காலியாகி, அதை நிரப்ப ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டால், அவருக்கும் முழு ஐந்து ஆண்டு கிடைக்கும். இது 62-ஆம் பிரிவு. முன்னவர் விட்டுச் சென்ற மிச்சக் காலத்தை நிறைவுசெய்யும் ஏற்பாடு இங்கே கிடையாது. அமெரிக்க முறையைப் படித்துவிட்டு வரும் மாணவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். அங்கே துணை அதிபர் அதிபராகவே ஆகி எஞ்சிய காலத்தை முடிப்பார். இங்கே துணைக் குடியரசுத் தலைவர் பொறுப்பு மட்டுமே வகிப்பார். புதியவர் வந்ததும் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும்.

ஆகவே நாள் மாறிய ஒவ்வொரு முறையும் அதற்குப் பின்னால் ஒரு நிகழ்வு இருக்கிறது. ஜனவரி 26 மே 13 ஆனதற்குக் காரணம் முதல் பொதுத்தேர்தல். 1950-இல் ராஜேந்திர பிரசாத்தைத் தேர்ந்தெடுத்தது அரசமைப்பு நிர்ணய சபை. ஜனவரி 24 அன்று, போட்டியின்றி. நாடாளுமன்றமும் சட்டப்பேரவைகளும் தேர்தல் மூலம் அமைந்த பிறகுதான், 54-ஆம் பிரிவு சொல்லும் வாக்காளர் குழு உருவாகி, 1952-இல் முறையான முதல் தேர்தல் நடந்தது. அதில் பிரசாத் பெற்ற வாக்கு மதிப்பு (ஒவ்வொரு எம்.பி., எம்.எல்.ஏ. வாக்குக்கும் ஒரு மதிப்பெண் உண்டு; அந்தக் கணக்கு பின்னால் வருகிறது) 5,07,400. எதிர்த்து நின்ற கே.டி. ஷா பெற்றது 92,827. 'பிரசாத் 1950–1962' என்ற ஒற்றை வரிக்குள் மூன்று தொடக்கங்கள் இருக்கின்றன. 'எத்தனை முறை தேர்ந்தெடுக்கப்பட்டார்' என்று நீங்கள் கேள்வி வைத்து, விடைக்குறிப்பில் ஒரு நூல் இரண்டு என்றும் இன்னொன்று மூன்று என்றும் போடுவது இதனால்தான். வாக்காளர் குழுவால் என்று சேர்த்துக் கேட்டால் விடை இரண்டு. சேர்க்காமல் கேட்டால் கேள்வியே தப்பு.

மே 13 ஆகஸ்ட் 24 ஆனது ஜாகிர் உசேன் 1969 மே 3 அன்று காலமானதால். ஆகஸ்ட் 24 ஜூலை 25 ஆனது பக்ருதீன் அலி அகமது 1977 பிப்ரவரி 11 அன்று காலமானதால். பதவியில் இருக்கும்போதே மறைந்த குடியரசுத் தலைவர்கள் இந்த இருவர் மட்டுமே. அதன் பிறகு வந்த எல்லோரும் காலத்தை முழுமையாக முடித்ததால் ஜூலை 25 நிலைத்துவிட்டது. இன்றுவரை எவரும் ராஜினாமா செய்ததில்லை, எவரும் பதவி நீக்கம் செய்யப்பட்டதுமில்லை. 'எப்படிப் பதவி முடிந்தது' என்ற பத்தியை நீங்கள் நிரப்பும்போது, பிரசாத் தொடங்கி கோவிந்த் வரையுள்ள 14 வரிகளில் இரண்டில் 'மறைவு' என்றும் மற்றவற்றில் 'காலம் நிறைவு' என்றும் வரும். முர்முவின் வரி இப்போதைக்குக் காலியாக இருக்கும். அந்த ஒரு பத்தியைப் பார்த்தாலே நாள் ஏன் மாறியது என்று மாணவர் தானாகக் கண்டுபிடித்துவிடுவார்.

இனி 1969. இந்த ஆண்டைக் கொஞ்சம் நின்று நிதானமாக எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்து வருபவர் யார் என்பது குறித்த சட்டம் முழுவதும் இந்த ஒரே ஆண்டில் சோதனைக்கு வந்தது.

ஜாகிர் உசேன் மறைந்த அன்றே துணைக் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி 65(1) பிரிவின்படி பொறுப்பேற்றார். அப்போது ஒரு சட்ட ஓட்டை கண்ணில் பட்டது. தலைவர் இல்லாவிட்டால் துணைத் தலைவர். அவரும் இல்லாவிட்டால்? 70-ஆம் பிரிவு, எதிர்பாராத சூழலுக்கு நாடாளுமன்றம் ஏற்பாடு செய்யலாம் என்று வழி விட்டிருந்தது. ஆனால் 19 ஆண்டுகளாக யாரும் சட்டம் எழுதவில்லை. 1969 மே மாதம் குடியரசுத் தலைவர் (பணிகளை ஆற்றுதல்) சட்டம் வந்தது. இரண்டு பதவிகளும் காலியானால் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி, அவரும் இல்லையென்றால் அந்த நீதிமன்றத்தில் இருக்கும் மூத்த நீதிபதி பணிகளை ஆற்றுவார். புதிய குடியரசுத் தலைவரோ புதிய துணைக் குடியரசுத் தலைவரோ, எவர் முதலில் பதவியேற்கிறாரோ அதுவரை.

சட்டம் வந்த இரண்டு மாதத்திலேயே அதற்கு வேலை வந்தது. குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட முடிவுசெய்த கிரி, ஜூலை 20 அன்று துணைத் தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். அதோடு பொறுப்பும் போனது. ஹிதயத்துல்லா வந்தார். ஆகஸ்ட் 24 வரை 35 நாள். தலைமை நீதிபதி ஒருவர் அந்தப் பொறுப்பை வகித்தது அந்த ஒருமுறைதான்.

பொறுப்பு வகிப்பவர் பெயருக்குத்தான் அங்கே இருப்பார் என்று சில நூல்கள் எழுதுகின்றன. அதற்கும் மறுப்பு இதே ஆண்டில் கிடைக்கிறது. 14 வங்கிகளை அரசுடைமையாக்கிய அவசரச் சட்டத்தில் 1969 ஜூலை 19 அன்று கையெழுத்திட்டவர், மறுநாள் விலகவிருந்த பொறுப்புத் தலைவர் கிரி. அதன் இடத்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு ஆகஸ்டில் ஒப்புதல் தந்தவர் இன்னொரு பொறுப்புத் தலைவரான ஹிதயத்துல்லா. ஆக, சுதந்திர இந்தியாவின் பெரிய பொருளாதார முடிவுகளுள் ஒன்றில், எண்ணிட்ட பட்டியலில் அன்று இடமில்லாத இருவரின் கையெழுத்து இருக்கிறது. 65(1) பிரிவின்படி பொறுப்பேற்கும் துணைத் தலைவருக்கு முழு அதிகாரமும் ஊதியமும் உண்டு. அந்த நாள்களில் அவர் மாநிலங்களவைக்குத் தலைமை தாங்க முடியாது, மாநிலங்களவைத் தலைவர் என்ற முறையிலான ஊதியமும் கிடையாது.

அடுத்தது தேர்தல். வாக்குப்பதிவு ஆகஸ்ட் 16. களத்தில் 15 பேர் இருந்தாலும் போட்டி மூவருக்கிடையில்தான்: காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி, மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்று இந்திரா காந்தி சொன்னதால் பலம் பெற்ற கிரி, முன்னாள் நிதி அமைச்சர் சி.டி. தேஷ்முக். முதல் விருப்ப வாக்குகளில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. இங்கேதான் மாணவர்கள் சறுக்குகிறார்கள். கிரி ஏறத்தாழ 88,000 முன்னிலையில் இருக்கிறாரே, வென்றுவிட்டார் அல்லவா? இல்லை. செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பை இரண்டால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, ஒன்று கூட்ட வேண்டும். 8,36,337-ஐ வகுத்தால் 4,18,168. ஒன்று கூட்டினால் 4,18,169. இதைத் தொடாமல் எவரும் வெல்ல முடியாது. கிரிக்கு 16,654 குறைந்தது.

அப்போது செய்வது இது. மிகக் குறைந்த வாக்கு பெற்றவரை நீக்கி, அவருடைய வாக்குச்சீட்டுகளில் அடுத்த விருப்பமாக யார் குறிக்கப்பட்டிருக்கிறாரோ அவருக்கு அதே மதிப்போடு மாற்றுவார்கள். அடுத்த விருப்பம் குறிக்காத சீட்டு கணக்கிலிருந்து வெளியேறும். பிறகு அடுத்த கடைசி ஆள். இப்படியே கீழிருந்து மேலே. முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. மாறி வந்த வாக்குகளில் ரெட்டிக்கு 91,879 சேர்ந்தது, கிரிக்கு 18,562 மட்டுமே. ஆனால் கிரிக்குத் தேவைப்பட்டது அதைவிடக் குறைவு; 1,908 உபரியோடு கரையேறினார். குடியரசுத் தலைவர் தேர்தல் இரண்டாம் விருப்ப வாக்குகளால் முடிவானது இந்த ஒருமுறைதான். 'ஒற்றை மாற்று வாக்கு' என்ற பாடத்துக்கு உங்கள் நூல்கள் கற்பனை எண்களை வைத்து உதாரணம் தருகின்றன. உண்மையான உதாரணம் இப்படிக் கைவசம் இருக்கும்போது கற்பனை எதற்கு என்பது எங்களுக்குப் புரிவதில்லை.

தேர்தல் செல்லாது என்று தொடுத்த மனுவை உச்ச நீதிமன்றம் விசாரித்து 1970-இல் தள்ளுபடி செய்தது. பதவியில் இருந்த கிரி நேரில் சென்று சாட்சியம் அளித்தார். குடியரசுத் தலைவர் தேர்தல் வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. 71-ஆம் பிரிவின்படி நேராக உச்ச நீதிமன்றம்தான். தேர்தல் செல்லாது என்று பின்னால் தீர்ப்பு வந்தாலும், அதுவரை அவர் செய்த செயல்கள் செல்லும்.

எனவே 1969-க்கான வரிகள் உங்கள் அட்டவணையில் இப்படி வர வேண்டும்: ஜாகிர் உசேன், 3.5.1969 வரை, மறைவு. எண் இல்லாமல் வி.வி. கிரி, 3.5.1969 முதல் 20.7.1969, துணைத் தலைவராகப் பொறுப்பு, ராஜினாமா. எண் இல்லாமல் எம். ஹிதயத்துல்லா, 20.7.1969 முதல் 24.8.1969, தலைமை நீதிபதியாகப் பொறுப்பு. பிறகு நான்காவது குடியரசுத் தலைவர் வி.வி. கிரி, 24.8.1969 முதல் 24.8.1974. ஒரே பெயர் இரண்டு முறை வருவதைப் பார்த்து அச்சுப்பிழை என்று எந்த மெய்ப்புத் திருத்துநரும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஜாகிர் உசேனுக்கு அடுத்துக் குடியரசுத் தலைவரானவர் யார்' என்ற கேள்விக்கு கிரியையும் ஹிதயத்துல்லாவையும் சேர்த்தே விருப்ப விடைகளாக வைப்பது நியாயமில்லை. 'அடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்' என்றோ 'அடுத்துப் பொறுப்பேற்றவர்' என்றோ பிரித்துக் கேளுங்கள். இரண்டுக்கும் கிரிதான் விடை என்பது வேறு விஷயம்.

1977 இவ்வளவு சிக்கலானதல்ல. பக்ருதீன் அலி அகமது மறைந்தபோது மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்தது. துணைத் தலைவர் பி.டி. ஜாட்டி பிப்ரவரி 11 முதல் ஜூலை 25 வரை பொறுப்பு வகித்தார். நெருக்கடி நிலை விலக்கப்பட்டதும், மார்ச் 24 அன்று மொரார்ஜி தேசாய் பிரதமராகப் பதவியேற்றதும் அவர் காலத்தில்தான். மத்தியில் காங்கிரஸ் அல்லாத முதல் அரசுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தது ஒரு பொறுப்புத் தலைவர். காலியிடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்ற விதிப்படி ஆகஸ்ட் இரண்டாம் வாரம்வரை அவகாசம் இருந்தது, ஜூலையிலேயே முடிந்துவிட்டது. 37 பேர் மனு தாக்கல் செய்ததில் 36 மனுக்கள் தள்ளுபடியாக, எட்டாண்டுக்கு முன் தோற்ற நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றித் தேர்வானார். இங்கேயும் சொல்லில் கவனம் தேவை: 54-ஆம் பிரிவின்படி நடந்த தேர்தல்களில் போட்டியின்றி வந்தவர் ரெட்டி மட்டுமே. 1950-ஐயும் சேர்த்தால் பிரசாத்தும் அந்தக் கணக்கில் வருவார்.

அந்த 36 மனுக்களும் ஏன் நிற்கவில்லை என்பது வேட்புமனு விதிகளின் வரலாற்றோடு சேர்ந்தது. தொடக்கத்தில் ஒரு முன்மொழிபவரும் ஒரு வழிமொழிபவரும் இருந்தால் போதும். வெற்றி வாய்ப்பே இல்லாதவர்கள் பெயருக்காக மனு போட்டார்கள். 1967-இல் 17 பேர் நின்று அதில் ஒன்பது பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. 1974-இல் பத்து முன்மொழிபவர், பத்து வழிமொழிபவர், 2,500 ரூபாய் டெபாசிட் என்று ஆக்கினார்கள். 1997 முதல் 50 பேர், 50 பேர், 15,000 ரூபாய். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் வாக்காளர் குழுவில் இருப்பவர்களாக, அதாவது தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி., எம்.எல்.ஏ.க்களாக இருக்க வேண்டும். பழைய பதிப்பிலிருந்து நகலெடுத்த நூல்களில் 2,500 ரூபாய் இன்னும் உயிரோடு உலவுகிறது.

பொறுப்பு வகித்தல் வேறு, தற்காலிகமாகப் பணிகளை ஆற்றுதல் வேறு. இடம் காலியாக இருந்தால் 65(1). குடியரசுத் தலைவர் பதவியில் இருந்துகொண்டே, நோயாலோ வெளிநாடு சென்றதாலோ பணியாற்ற முடியாமல் போனால் 65(2). 1961-இல் பிரசாத் நோயுற்றபோது சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் சில மாதங்கள் பணிகளைக் கவனித்தார். 1982 அக்டோபரில் ஜெயில் சிங் மருத்துவச் சிகிச்சைக்கு அமெரிக்கா சென்றபோது, துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ஹிதயத்துல்லா கவனித்தார். ஆம், அதே ஹிதயத்துல்லாதான். ஒருமுறை நீதிபதியாக, ஒருமுறை துணைத் தலைவராக. இந்த 65(2) நிகழ்வுகளைப் பட்டியலின் நடுவில் நுழைக்காதீர்கள். அப்போது குடியரசுத் தலைவர் மாறவில்லை. கீழே தனிக் குறிப்பாகப் போட்டால் போதும்.

துணைத் தலைவர் இடம் காலியாவது அபூர்வம் என்ற எண்ணமும் தவறு. துணைத் தலைவராக இருப்பவரே குடியரசுத் தலைவரானால் அடுத்த துணைத் தலைவர் வரும்வரை அந்த இடம் காலிதான்: 1987, 1992, 1997 மூன்றிலும் ஜூலை 25 முதல் சில வாரங்கள் அப்படி நடந்தது. 2002-இல் அப்துல் கலாம் பதவியேற்ற இரண்டாம் நாள், ஜூலை 27 அன்று, கிருஷ்ண காந்த் காலமானார். துணைத் தலைவர் பதவியில் இருக்கும்போது மறைந்தவர் அவர் ஒருவரே. 2007-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் தோற்ற பைரோன் சிங் ஷெகாவத் விலகினார். 2025 ஜூலை 21 அன்று ஜகதீப் தன்கர் ராஜினாமா செய்தார்; செப்டம்பர் 12 அன்று சி.பி. ராதாகிருஷ்ணன் பதவியேற்கும்வரை இடம் காலி. இந்த இடைவெளிகளில் எல்லாம் 1969-ஆம் ஆண்டுச் சட்டம்தான் காவல் நின்றது. 'குடியரசுத் தலைவருக்கு அடுத்து யார்' என்ற படத்தில் துணைத் தலைவரோடு அம்புக்குறியை நிறுத்திவிடாதீர்கள். தலைமை நீதிபதி, மூத்த நீதிபதி வரை நீட்டுங்கள். அந்த வரிசையில் பிரதமரும் இல்லை, மக்களவைத் தலைவரும் இல்லை. இந்த இரண்டு தவறான விடைகளையும் எத்தனையோ மாணவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை. துணைத் தலைவர்கள் பட்டியலில் இப்போது இரண்டு ராதாகிருஷ்ணன்கள். முதலெழுத்தை விட்டு 'ராதாகிருஷ்ணன்' என்று மட்டும் போட்டால் 1952-இல் வந்தவரா 2025-இல் வந்தவரா என்று தெரியாது. இருவரையும் தமிழ்நாட்டோடு சேர்த்தே எழுதுவதால் குழப்பம் இன்னும் கூடும்.

அடுத்து வாக்கு மதிப்பு. பட்டியலுக்குப் பக்கத்திலேயே நீங்கள் 'எம்.பி. வாக்கு மதிப்பு 708' என்று நிரந்தர உண்மைபோல அச்சிடுகிறீர்கள். 1952-இல் அது 494. 1997 முதல் 2017 வரை 708. 2022-இல் 700. ஏன் குறைந்தது? எம்.பி.க்களின் மொத்த மதிப்பு, எல்லா எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பை ஒட்டி அமைய வேண்டும் என்பது விதி. 2017-இல் எம்.எல்.ஏ.க்களின் கூட்டுத்தொகை 5,49,495. அதை 776 எம்.பி.க்களால் வகுத்தால் 708. 2022-இல் ஜம்மு காஷ்மீரில் சட்டப்பேரவை இல்லை. அங்கிருந்த 87 உறுப்பினர்களின் தலா 72 மதிப்பு, மொத்தம் 6,264, கணக்கிலிருந்து விழுந்தது. மிச்சம் 5,43,231. 776-ஆல் வகுத்தால் 700. இப்படி இரண்டு வரியில் விளக்கம் இருக்க, எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வது மாணவருக்குச் செய்யும் உதவி அல்ல.

எம்.எல்.ஏ. மதிப்புக்குத் தமிழ்நாட்டையே உதாரணமாக்கலாம். 1971 மக்கள்தொகை 4,11,99,168. பேரவை உறுப்பினர் 234. வகுத்தால் 1,76,064 சொச்சம். அதை ஆயிரத்தால் வகுத்தால் 176. மீதி 500 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒன்று கூட்ட வேண்டும். இங்கே மீதி 64 என்பதால் கூட்டுவதில்லை. புதுச்சேரிக்கு 15.7 வரும், அதனால் 16 ஆகும். தமிழ்நாட்டின் மொத்தம் 176 × 234 = 41,184. நியமன உறுப்பினர்களுக்கு வாக்கு இல்லை; புதுச்சேரியில் 33 என்று எடுத்துக் கணக்குப் போட்டால் தவறு, 30 மட்டுமே. துணைத் தலைவர் தேர்தலில் இது தலைகீழ்: எம்.எல்.ஏ.க்கள் கிடையாது, நியமன எம்.பி.க்கள் உண்டு, எல்லாருக்கும் மதிப்பு ஒன்று.

இன்றைய மக்கள்தொகை இருக்க ஏன் 1971 என்று மாணவர் கேட்டால், 'அரசமைப்பு அப்படிச் சொல்கிறது' என்பதோடு நிறுத்தாதீர்கள். குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாக நடைமுறைப்படுத்திய மாநிலங்களின் பங்கு குறைந்துவிடக் கூடாது என்பதற்காக உறைய வைத்த எண் அது. 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும்வரை அது நீடிக்கும். வித்தியாசம் எவ்வளவு என்று காட்ட 2011 எண்களை வைத்துப் போட்டுப் பார்க்கலாம்: தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 308, உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வுக்கு 496 வரும். இப்போது அது 176-க்கு 208. உத்தரப் பிரதேசத்தின் மொத்தம் இன்று தமிழ்நாட்டைப்போல் இரண்டு மடங்கு. அந்தக் கணக்கில் ஏறத்தாழ 2.8 மடங்கு. வகுப்பில் இந்த ஒரு கணக்கைப் போட வைத்தால், 55-ஆம் பிரிவை மறக்க மாட்டார்கள்.

இதனால்தான் வெவ்வேறு ஆண்டு வெற்றிகளை வாக்கு எண்ணிக்கையால் ஒப்பிடக் கூடாது. 1952-இல் பிரசாத் பெற்ற 5,07,400-ஐயும் 2022-இல் முர்மு பெற்ற 6,76,803-ஐயும் பக்கத்தில் வைத்து 'யார் அதிகம்' என்று கேட்பது பொருளற்றது. மொத்த மதிப்பே வேறு. விழுக்காட்டைக் கேளுங்கள், முர்முவுக்கு 64.03.

சில்லறைத் திருத்தங்கள் சில. ராஜாஜியைச் சில பட்டியல்கள் 'முதல் தலைவர்' வரிசையில் போடுகின்றன. அவர் கடைசி கவர்னர் ஜெனரல், குடியரசுத் தலைவர் அல்ல. 'ஒருவர் இரண்டு முறைக்கு மேல் ஆக முடியாது' என்பது சட்டத்தில் இல்லை. 57-ஆம் பிரிவு மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம் என்கிறது, எண்ணிக்கை சொல்லவில்லை. மிக இளைய வயதில் பதவியேற்றவர் இப்போது நீலம் சஞ்சீவ ரெட்டி அல்ல. இருவருக்கும் 64 வயதுதான் என்றாலும் முர்மு ஒரு மாதம் போல இளையவர். குடியரசுத் தலைவரின் ராஜினாமா கடிதம் துணைத் தலைவருக்குப் போக வேண்டும், பிரதமருக்கோ தலைமை நீதிபதிக்கோ அல்ல. பதவிப் பிரமாணம்தான் தலைமை நீதிபதி முன்.

அட்டவணைக்கு இடம் போதாது என்ற பதில் வரலாம். மொத்தம் 18 வரிகள்தான்: எண்ணுள்ள 15, எண்ணில்லாத மூன்று. பிறந்த ஊர், பெற்ற விருது, எழுதிய நூல் என்று இப்போது ஒதுக்கியிருக்கும் பத்திகளை எடுத்துவிட்டால் ஒரே பக்கத்தில் அடங்கும்.

முர்முவின் பெயருக்கு எதிரே இப்போதே '2022–2027' என்று அச்சிடாதீர்கள். '25.7.2022 முதல்' என்று விடுங்கள். அவருடைய காலம் 2027 ஜூலை 24-இல் நிறைவடைகிறது. தேர்தல் அதற்கு முன்பே முடிய வேண்டும், அறிவிக்கை கடைசி 60 நாளில் வரும். 2022-இல் ஜூன் 15 அறிவிக்கை, ஜூலை 18 வாக்குப்பதிவு, ஜூலை 21 எண்ணிக்கை. 16-ஆம் வரியைச் சேர்க்கும் பதிப்பில், தேர்தல் ஆணையம் அந்தத் தேர்தலுக்கென வெளியிடும் வாக்கு மதிப்பு அட்டவணையையே எடுத்துப் போடுங்கள். 2022 எண்களை நகலெடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
குடிமையியலும் அரசமைப்பும் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்